இலை ஏன் வாடுகிறது? பூவாளியை எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

கோடை வந்தால் மாடித்தோட்டக்காரர்கள் எல்லோரிடமிருந்தும் வரும் கேள்வி இது: "தினமும் தண்ணீர் விடுகிறேன், அப்படியும் செடி வாடுகிறதே, ஏன்?" வாட்டம் என்பது ஓர் அறிகுறி மட்டும்தான். காரணம் மண்ணில் இருக்கலாம், வேரில் இருக்கலாம், தண்டுக்குள் இருக்கலாம், இலையிலேயே இருக்கலாம். பாதிக்கு மேற்பட்ட காரணங்களுக்குக் கூடுதல் தண்ணீர் உதவாது. சிலவற்றில் அதுவே செடியைக் கொன்றுவிடும். அதனால் எப்போது வாடுகிறது, எப்படி வாடுகிறது என்று பார்த்து, அதற்கேற்ற வேலையைச் செய்வதற்கான வழிகாட்டி இது. தக்காளி, கத்தரி, மிளகாய், வாழை, கொடிக்காய்கள் வைத்திருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

இலைக்குள் என்ன நடக்கிறது

இதைத் தெரிந்துகொண்டால் பிறகு வரும் எல்லாமே எளிதாகப் புரியும். வேர் உறிஞ்சும் தண்ணீரில் 95 சதவீதத்துக்கு மேல் செடியின் உடம்பில் தங்குவதே இல்லை. இலை வழியாக ஆவியாகிப் போய்விடுகிறது. போகும் வழி இலைத்துளைகள். பெரும்பாலான செடிகளில் இவை இலையின் அடிப்பக்கத்தில் அதிகம். ஒவ்வொரு துளைக்கும் இருபுறமும் அவரை விதை வடிவில் இரண்டு காப்பு செல்கள் உண்டு. பொட்டாசியம் உள்ளே புகுந்து, அதன் பின்னால் தண்ணீரும் புகுந்தால் அவை விறைத்து வளையும், துளை திறக்கும். பொட்டாசியமும் தண்ணீரும் வெளியேறினால் தளர்ந்து ஒட்டிக்கொள்ளும், துளை மூடும்.

துளையை எப்போதும் மூடியே வைத்திருந்தால் தண்ணீர் மிச்சமாகுமே என்று தோன்றலாம். ஆனால் உணவு தயாரிக்கத் தேவையான கார்பன் டை ஆக்சைடு வருவதும் அதே துளை வழியாகத்தான். ஆகவே செடி பகல் முழுவதும் திறப்பதற்கும் மூடுவதற்கும் இடையே கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

அந்தக் கணக்கின் மையத்தில் இருப்பது அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன். 1960-களில் பருத்திக்காய் ஏன் உதிர்கிறது, மர மொட்டுகள் குளிர்காலத்தில் எப்படி உறங்குகின்றன என்று தனித்தனியாகத் தேடிய இரண்டு குழுக்களிடம் சிக்கியது ஒரே பொருள்தான் என்று பின்னர் தெரிந்தது. 1969-இல் கோதுமை இலைகளை வாடவிட்டுப் பார்த்தபோது, சில மணி நேரத்திலேயே இந்த ஹார்மோன் பல மடங்கு கூடியிருந்தது. இலையின் விறைப்பு குறைந்ததும், கேரட்டுக்கு நிறம் தரும் கரோட்டினாய்டு வகைப் பொருள்களை வெட்டி இலை இதைத் தயாரிக்கிறது. அது காப்பு செல்லில் உள்ள ஏற்பியில், அதாவது ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதத்தில், போய் உட்கார்ந்ததும், அதுவரை பூட்டி வைத்திருந்த அயனி வாய்க்கால்கள் (உப்புகள் போய்வரும் வழிகள்) திறந்து, உப்புகள் வெளியேறி, துளை மூடுகிறது. அந்த ஏற்பி எது என்று உறுதியானது 2009-இல்தான்.

வேர்ப்பகுதி காய்கிற சேதி இலைக்கு எப்படிப் போகிறது என்பதும் நெடுநாள் புதிராக இருந்தது. 2018-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியில், வேரிலிருந்து கிளம்பி இலைக்குப் போய் அங்கே அப்சிசிக் அமிலத் தயாரிப்பைத் தூண்டும் ஒரு குட்டிப் புரதத் துண்டைக் கண்டுபிடித்தார்கள்.

இந்த ஹார்மோன் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் காட்ட ஒரு தக்காளி இருக்கிறது. ஃபிளாக்கா என்ற அந்த மரபுபிறழ்ந்த செடியால் அப்சிசிக் அமிலத்தைப் போதுமான அளவு தயாரிக்க முடியாது. மண் ஈரமாக இருந்தாலும் கொஞ்சம் வெயில் பட்டதும் துவண்டுவிடும். அந்த ஹார்மோனை மேலே தெளித்தால் சாதாரணச் செடிபோல நிமிர்ந்து நிற்கும்.

சரி, இனி செடிக்குப் போவோம்.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியது

விரலை மண்ணில் விடுங்கள், இரண்டு கணு ஆழம் வரை. மேல்மண் காய்ந்திருப்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். தேங்காய் நார்க்கழிவு கலந்த கலவை மேலே பொடிப்பொடியாகவும் உள்ளே சொதசொதவென்றும் இருக்கும். செடி வைத்த பையை லேசாகத் தூக்கிப் பாருங்கள். நன்றாகத் தண்ணீர் குடித்த பையின் எடை கைக்குப் பழகிவிட்டால் அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. அப்புறம், மறுநாள் விடிகாலையில், வெயில் ஏறும் முன் செடியைப் பாருங்கள். இரவில் துளைகள் மூடியிருக்கும், வேர் ஓய்வாக உறிஞ்சியிருக்கும். அந்த நேரத்திலும் செடி தொங்கினால் அது உண்மையான பிரச்சினை. மதியம் மட்டும் தொங்கினால் பெரும்பாலும் இல்லை.

கற்றாழை, கள்ளி, டிராகன் பழம் ஆகியவற்றுக்கு இந்த நேரக்கணக்கு பொருந்தாது. அவை இரவில் துளையைத் திறந்து பகலில் மூடும் வகை.

அறிகுறி: மதியம் தொங்குகிறது, மாலையில் தானாக நிமிர்கிறது, மண் ஈரமாகவே இருக்கிறது

பூசணி, சுரை, கத்தரி போன்ற அகல இலைச் செடிகளில் இது கத்திரி வெயில் காலத்தில் சாதாரணம். காற்று வறண்டு சூடாக இருக்கும்போது இலை இழக்கும் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடிவதில்லை. விறைப்பு கொஞ்சம் குறைகிறது, ஹார்மோன் கூடுகிறது, துளைகள் சுருங்குகின்றன, இழப்பு நிற்கிறது. வெயில் தாழ்ந்ததும் வேர் பாக்கியை அடைத்துவிடுகிறது. செடி தன்னைத்தானே காத்துக்கொள்ளும் ஏற்பாடு ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு இது சாட்சி. தண்ணீர் விட வேண்டாம்.

துளை உண்மையிலேயே மூடியிருக்கிறதா என்று தெரிய எளிய வழி ஒன்று உண்டு. நீர் ஆவியாகிக்கொண்டிருக்கும் இலை, சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி குளிர்ச்சியாக இருக்கலாம். துளை மூடிய இலை சூடாகும். காலை ஒன்பது மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் நிழலில் இருக்கும் ஓர் இலையைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள், வித்தியாசம் புரியும். ஆய்வகத்திலும் இதே வழிதான். அப்சிசிக் அமிலத்தின் கட்டளைக்கு மூடாத செடிகளை ஆயிரக்கணக்கான நாற்றுகளுக்கு நடுவே வெப்பப்படக் கேமராவை வைத்துத்தான் பொறுக்கி எடுத்தார்கள். மற்றவை சூடாகத் தெரியும்போது அவை மட்டும் குளிர்ச்சியாகத் தெரிந்தன.

ஆனால் ஒரு விலை இருக்கிறது. துளை மூடியிருக்கும் நேரத்தில் கார்பன் டை ஆக்சைடு வராது, உணவுத் தயாரிப்பு குறையும். தினமும் பல மணி நேரம் இப்படிப் போனால் காய் சிறுக்கும், பூ உதிரும். அதனால் தண்ணீரைக் கூட்டாமல் வெப்பத்தைக் குறைக்கப் பாருங்கள். பகல் பதினொன்றிலிருந்து நான்கு வரை 50 சதவீத நிழல்வலை போதும். மண்ணுக்கு மேல் காய்ந்த இலைச்சருகோ தென்னை நாரோ இரண்டு அங்குலம் பரப்புங்கள். பையின் மேற்குப் பக்கத்தில் பலகையையோ பழைய சாக்கையோ நிறுத்திவையுங்கள். கறுப்புப் பையில் வெயில் நேராக அடிக்கும் பக்கத்து வேர்கள் வெந்துவிடும். இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. செடிக்கு நிழல் தருகிறார்கள், பைக்குத் தருவதில்லை. சிமென்ட் தளத்தில் நேராக வைக்காமல் செங்கல்மேல் தூக்கி வைப்பதும் நல்லது.

தண்ணீரைக் காலையில் விடுங்கள். மொட்டைமாடிக் குழாயில் மதியம் தேங்கியிருக்கும் தண்ணீர் கை வைக்க முடியாத சூட்டில் வரும். எந்த நேரமானாலும் முதலில் வரும் சுடுதண்ணீரை வாளியில் பிடித்துவிட்டு, குளிர்ந்தது வந்த பிறகு செடிக்குத் திருப்புங்கள்.

அறிகுறி: விடிகாலையிலும் தொங்குகிறது, மண் வறண்டிருக்கிறது, பை இலேசாக இருக்கிறது

இது உண்மையான தாகம். ஆனால் இங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. முழுதாகக் காய்ந்த கலவை சுருங்கிப் பையின் ஓரத்தை விட்டு விலகியிருக்கும். மேலே ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கு வழியாக இறங்கிக் கீழே ஓடிவிடும். பையின் அடித்துளையில் தண்ணீர் வழிவதைப் பார்த்து "போதும்" என்று நிறுத்துவோம். நடுவில் இருக்கும் வேர்க்கட்டிக்கு ஒரு சொட்டும் போயிருக்காது. சின்னத் தொட்டியானால் அகலமான டப்பில் தண்ணீர் நிரப்பி, குமிழி வருவது நிற்கும் வரை தொட்டியை அதில் உட்காரவையுங்கள். பெரிய பையானால் ஓரத்தை விரலால் அழுத்தி இடுக்கை மூடிவிட்டு, கொஞ்சம் ஊற்றி, கால் மணி நேரம் விட்டு மறுபடி ஊற்றி, அப்படியே மூன்று நான்கு தவணையில் நனையுங்கள்.

இலை சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். ஆனால் நிமிர்ந்ததாலேயே செடி பழைய நிலைக்கு வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். கடுமையாக வாடிய செடியில் சேர்ந்த அப்சிசிக் அமிலம் உடனே காலியாகாது; அது மெல்ல மெல்லச் சிதைக்கப்படுகிறது. துளைகள் முழுதாகத் திறக்க ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகலாம். இந்தச் சமயத்தில் "பாவம், காய்ந்துபோச்சு" என்று உரம் கரைத்து ஊற்றுவது பெரிய தவறு. நீரோட்டம் குறைவாக இருக்கும்போது உப்பு வேரருகிலேயே தங்கும். நான்கைந்து நாள் வெறும் தண்ணீர், கொஞ்சம் நிழல், அவ்வளவுதான்.

அடியிலைகள் மஞ்சளாகி உதிர்ந்தால் கவலைப்பட வேண்டாம். தாகம் வந்த செடி பழைய இலைகளைக் கழித்து ஆவியாகும் பரப்பைக் குறைத்துக்கொள்கிறது. புதுக்குருத்து பச்சையாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அறிகுறி: மண் ஈரம், தட்டில் தண்ணீர் தேங்கியிருக்கிறது, ஆனால் செடி தொங்குகிறது

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் சென்னை மாடிகளில் அதிகம் பார்ப்பது இது. அளவுக்கு மீறித் தண்ணீர் விடுபவர்கள் மே மாதத்திலும் பார்க்கலாம். நான் பார்த்தவரை, மாடித்தோட்டத்தில் செடிகள் சாவதற்கு வறட்சியைவிட இதுவே பெரிய காரணம். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மண்ணின் இடைவெளிகளில் தண்ணீர் நிறைந்தால் வேருக்கு ஆக்சிஜன் கிடைக்காது. மூச்சு முட்டிய வேர்ச்செல்களின் உட்புறம் அமிலமாக மாறும். நீரை உள்ளே விடும் சவ்வுக் கதவுகள் அடைபடும். ஆகவே சுற்றிலும் தண்ணீர் நின்றாலும் வேரால் அதை எடுக்க முடியாது. இலைக்கு நீர் வரத்து குறைகிறது, துளைகள் மூடுகின்றன. செடி வறட்சியில் இருப்பதுபோலவே நடந்துகொள்ளும். நாமும் அதை நம்பி இன்னொரு வாளி ஊற்றுவோம்.

இதைத் தாகத்திலிருந்து பிரித்தறிய, தக்காளிச் செடியின் ஓர் இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். தாகத்தில் இருக்கும் இலையின் பரப்பு ஈரத்துணிபோல மெத்தென்று துவண்டு கிடக்கும். தண்ணீர் தேங்கிய செடியில், குறிப்பாக முதல் ஓரிரு நாளில், பரப்பு விறைப்பாகவே இருக்கும். இலைக்காம்பு மட்டும் தண்டோடு சேரும் இடத்திலிருந்து வளைந்து கீழ்நோக்கிப் போகும். காம்பை விரலால் மெல்லத் தூக்கினால் மறுபடி கீழே திரும்பும். இது வாட்டமே இல்லை, வளர்ச்சி. காம்பின் மேல்பக்கச் செல்கள் அடிப்பக்கச் செல்களைவிட வேகமாக நீண்டதால் வந்த வளைவு.

அதைச் செய்வது எத்திலீன் என்ற வாயு ஹார்மோன். எத்திலீன் உருவாகும் கடைசிக் கட்டத்துக்கு ஆக்சிஜன் வேண்டும். மூழ்கிய வேரில் அது இல்லாததால், அதற்கு முந்தைய கட்டப் பொருள் அங்கே சேர்ந்து, நீரோட்டத்தோடு மேலே ஏறி, காற்றோட்டமுள்ள இலையில் எத்திலீனாக மாறுகிறது. பழத்தைப் பழுக்க வைக்கும் அதே எத்திலீன்தான். அதிகமானால் இலையை மஞ்சளாக்கி உதிர்க்கும்.

செய்ய வேண்டியது: தட்டை எடுத்துவிடுங்கள். பையின் அடித்துளைகளைக் குச்சியால் குத்திப் பாருங்கள். வேரோ களிமண்ணோ அடைத்திருக்கும். அடியில் மட்டும் துளை இருந்தால் பக்கவாட்டில், அடியிலிருந்து ஓர் அங்குல உயரத்தில் நான்கு துளை போடுங்கள். பையைச் செங்கல்மேல் ஏற்றுங்கள். விரலுக்குப் பாதி வறட்சி தெரியும் வரை தண்ணீரே வேண்டாம். நேர் வெயிலைக் குறைத்தால் இலைக்குப் பாரம் குறையும். நாற்றம் அடித்தால் செடியை மெல்ல வெளியே எடுத்து வேரைப் பாருங்கள். வெளுப்பாக, உறுதியாக இருந்தால் பிழைக்கும். கறுத்து, இழுத்தால் உறைபோல உருவி வந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டு, மணல் கூட்டிய புதுக்கலவையில் வைத்து, மேலே இலைகளில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். குறைந்த வேருக்கு ஏற்ற அளவு இலை இருந்தால் போதும்.

அறிகுறி: நேற்றுவரை நன்றாக இருந்த செடி, பச்சை நிறம் மாறாமலே முழுதாகத் துவண்டுவிட்டது

தக்காளியிலும் கத்தரியிலும் இப்படி நடந்தால் பாக்டீரியா வாடல் நோயைச் சந்தேகிக்க வேண்டும். தரைக்கு அருகில் தண்டைச் சாய்வாக வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டுமுனை தண்ணீரில் படும்படி அசையாமல் பிடியுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் வெட்டிலிருந்து பால்போன்ற வெள்ளை இழை கீழ்நோக்கி இறங்கினால் அதுதான். நீர்க்குழாய்களுக்குள் பாக்டீரியா பெருகி அடைத்துவிட்டதால் தண்ணீர் மேலே ஏற வழியில்லை. இலை துளையை மூடினாலும் காப்பாற்ற முடியாது. செடியை வேரோடு, மண்ணோடு அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போடாதீர்கள். அதே கலவையில் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை வேண்டாம். இந்த நோய் அடிக்கடி வரும் இடங்களில் சுண்டைக்காய் வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய கத்தரி நாற்று நல்ல தேர்வு.

இழை வரவில்லை, தண்டை நீளவாக்கில் பிளந்தால் பட்டைக்கு அடியில் பழுப்புக் கோடு தெரிகிறது, வாட்டமும் ஒரு பக்கக் கிளையில் தொடங்கி மெல்லப் பரவியது என்றால் அது பூஞ்சை வாடல். இரண்டும் இல்லை, வேரில் மணி மணியாக முடிச்சுகள் இருக்கின்றன என்றால் நூற்புழு.

நோய்க்கிருமிகளிலும் இந்தத் துளைப் பூட்டையே குறிவைப்பவை உண்டு. பாதாம், பீச் மரங்களைத் தாக்கும் ஒரு பூஞ்சை, ஃபியூசிகாக்சின் என்ற நச்சைச் சுரக்கிறது. அது காப்பு செல்களை விறைக்கச் செய்யும் புரோட்டான் பம்பை நிறுத்தாமல் ஓடவைக்கும். துளை மூடவே முடியாமல் இலை தண்ணீரை இழந்து கருகுகிறது. நம் மாடியில் இது வராது. ஆனால் துளையை மூடத் தெரிவது செடிக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடக் கறாரான சான்று எனக்குத் தெரியாது.

அறிகுறி: நர்சரியில் தளதளவென்று இருந்த நாற்று, வீட்டுக்கு வந்த மறுநாளே துவண்டது

நடும்போது வேர் அறுபட்டது ஒரு காரணம். இன்னொன்று பலருக்குத் தெரியாதது. எப்போதும் ஈரக்காற்றில் வளர்ந்த இலைக்குத் துளையைச் சரியாக மூடத் தெரியாது. காற்று ஈரமாகவே இருக்கும்போது இலையில் அப்சிசிக் அமிலம் குறைவாகவே இருக்கும். அந்தக் காப்பு செல்கள் பின்னால் ஹார்மோன் வந்தாலும் மந்தமாகவே அசைகின்றன. கண்ணாடிக் குடுவையில் இருந்து வந்த திசு வளர்ப்பு வாழைக் கன்றில் இது இன்னும் கடுமை, மேல் மெழுகுப் பூச்சும் சரியாக உருவாகியிருக்காது. அதனால்தான் அவற்றை இரண்டு கட்டமாக நிழல்கூடத்தில் வைத்துப் பழக்கிய பிறகே விற்க வேண்டும். பழக்காத கன்றை விலை குறைவு என்று வாங்காதீர்கள்.

வாங்கிய நாற்று எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க, அதிலிருந்து ஓர் இலையையும், வீட்டில் வெயிலில் வளர்ந்த அதே வகைச் செடியின் இலையையும் பறித்து, நிழலில் காகிதத்தின்மேல் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பழகிய இலை துளையை மூடிக்கொண்டு நெடுநேரம் தாங்கும். பழகாத இலை அதற்கு வெகு முன்னரே சுருண்டுவிடும்.

தீர்வு பொறுமை. முதல் மூன்று நாள் முழு நிழல், காற்று நேராக அடிக்காத இடம். பிறகு காலை வெயில் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று கூட்டிக்கொண்டே போய், பத்து நாளில் முழு வெயிலுக்குக் கொண்டுவாருங்கள். இடையில் மண் லேசாகக் காயவிட்டுத் தண்ணீர் விடுவது நல்லது. பழைய இலைகள் முழுதாகத் திருந்தாது; வெளிக்காற்றில் புதிதாக விரியும் இலைகள்தான் செடியைத் தாங்கும். கன்றை மூடாக்காகப் பாலித்தீன் பையால் நாள்கணக்கில் மூடி வைப்பவர்கள் இதே சிக்கலை நீட்டித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அறிகுறி: இலை நுனியும் ஓரமும் கருகுகிறது, மண்ணின் மேல் வெள்ளைப் படலம்

உப்பு. ஆழ்துளைக் கிணற்று நீர், ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீர், அளவு மீறிய உரம் மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும். மண்ணில் உப்பு கூடினால் வேர் தண்ணீரை இழுப்பது கடினமாகிறது. ஈர மண்ணிலேயே செடிக்கு வறட்சி, அதே ஹார்மோன், அதே மூடிய துளை. மழைநீரோ உப்பு குறைந்த நீரோ கிடைத்தால், பையின் கொள்ளளவைப்போல இரண்டு மடங்கு தண்ணீரை மெல்ல ஊற்றி முழுதாக வடியவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு உரம் வேண்டாம். ஆர்.ஓ. கழிவுநீரைத் தொடர்ந்து ஊற்றுவதை நிறுத்துங்கள். தரை துடைக்கப் பயன்படட்டும்.

அறிகுறி: இலை சுருள்கிறது

வெயில் காலத்தில் தக்காளியின் கீழ் இலைகள் மட்டும் மேல்நோக்கிக் குழாய்போலச் சுருண்டு, தடித்து, பச்சையாகவே இருந்தால் பயமில்லை. வெப்பமும் நீர்ப்பற்றாக்குறையும் சேர்ந்து செய்வது, காய்ப்பைப் பெரிதாகப் பாதிக்காது. இளங்குருத்து சிறுத்து, மஞ்சளோடி, சுருண்டால் அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். மிளகாயில் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிலந்திப்பேன் என்று தொடங்குங்கள். இவற்றுக்கும் தண்ணீருக்கும் தொடர்பில்லை.

அறிகுறி: விடிகாலையில் இலை ஓரங்களில் வரிசையாக நீர்த்துளி

நோய் இல்லை. இரவில் துளைகள் மூடியிருக்க, வேர் அழுத்தம் தள்ளும் உபரி நீர் இலை ஓரத்தில் உள்ள தனி வாய்கள் வழியாகக் கசிகிறது. வேர் நலமாக இருப்பதற்கு நல்ல அடையாளம். தினமும் நிறைய வந்தால் மாலைத் தண்ணீரைக் குறைக்கலாம்.

தெளித்தால் துளை மூடுமா?

அப்சிசிக் அமிலத்தையே தெளிக்கலாமா என்று கேட்பார்கள். தெளித்தால் மூடும். வெளிநாட்டில் விற்பனைக்கு வரும் பூந்தொட்டிகள் கடையில் வாடாமல் இருக்கவும், சிவப்புத் திராட்சை நிறமேறவும் அதைப் பயன்படுத்துகிறார்கள். வீட்டுத் தோட்டத்துக்கு அது தேவையில்லை. துளை மூடினால் உணவுத் தயாரிப்பும் குறையும் என்பதை மறக்கக் கூடாது.

வறட்சி நெருங்கும்போது நம் கைக்கு எட்டும் வழிகள் மூன்று. பொட்டாசியம் குளோரைடு 1 சதவீதம், அதாவது லிட்டருக்கு 10 கிராம். காப்பு செல்லைத் திறப்பதும் மூடுவதும் பொட்டாசியம் என்பதால், அது குறைந்த செடிக்குத் துளைக் கட்டுப்பாடே தடுமாறும். கயோலின் களிமண் 3 சதவீதம், லிட்டருக்கு 30 கிராம். இலைமேல் வெள்ளைப் பூச்சாகி வெயிலைத் திருப்பி அனுப்பும், மழை வந்தால் கழுவிப் போய்விடும். மூன்றாவது, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தரும் பி.பி.எஃப்.எம். என்ற இளஞ்சிவப்புப் பாக்டீரியாத் திரவம், லிட்டருக்கு 10 மில்லி. இலைப்பரப்பில் வாழும் இந்த நுண்ணுயிர் சைட்டோகைனின் போன்ற வளர்ச்சி ஹார்மோன்களைத் தரக்கூடியது. இதைப் பூச்சிக்கொல்லி, பூஞ்சைக்கொல்லியோடு கலக்கக் கூடாது. எதையும் காலையிலோ மாலையிலோ தெளியுங்கள்.

"டானிக்" என்று விற்கும் ஜிப்ரலின் கலவைகளை வாடும் செடிக்கு அடிக்காதீர்கள். ஜிப்ரலின் இலையையும் தண்டையும் நீட்டும். தண்ணீர் இல்லாத நேரத்தில் ஆவியாகும் பரப்பைக் கூட்டுவது செடிக்குச் செய்யும் கெடுதல்.

துளையை நேரில் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வழி. முடியில்லாத வழவழப்பான இலையாக எடுங்கள். மணி பிளான்ட்டும் ரியோவும் நன்றாக வரும், தக்காளி இலை வராது. அடிப்பக்கத்தில் நிறமில்லாத நகப்பூச்சை மெல்லிசாகத் தடவிப் பத்து நிமிடம் காயவிடுங்கள். அதன்மேல் செல்லோ டேப்பை ஒட்டி உரித்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, நூறு மடங்குக்கு மேல் பெரிதாக்கும் நுண்ணோக்கியில் வையுங்கள். 140 மடங்கு காட்டும் காகித ஃபோல்ட்ஸ்கோப்பே போதும். ஒரே செடியில் காலை ஒன்பது மணிக்கு ஓர் அச்சும், இரண்டு நாள் தண்ணீர் நிறுத்திய பிறகு அதே நேரத்தில் ஓர் அச்சும் எடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள். காப்பு செல்களுக்கு நடுவில் இருக்கும் பிளவின் அகலத்தைத்தான் ஒப்பிட வேண்டும். ஓர் அச்சில் குறைந்தது இருபது துளைகளைப் பார்த்த பிறகு முடிவுக்கு வாருங்கள், ஏனெனில் ஒரே இலையிலேயே எல்லாத் துளைகளும் ஒரே அளவில் திறந்திருப்பதில்லை.